சண்டிகர் பாறைத் தோட்டம்

சண்டிகரில் சுக்னா ஏரிக்கு அருகே சுமார் 40 ஏக்கரில் பரந்திருக்கும் சிற்பப் பூங்கா. உடைந்த பீங்கான், வளையல் துண்டு, உலோகக் கழிவு, ஆற்றுக் கல் ஆகியவற்றால் ஆனது. இதை உருவாக்கிய நேக் சந்த் (1924–2015) சிற்பக்கலை பயின்றவர் அல்லர்; பொதுப்பணித் துறையின் சாலை ஆய்வாளர்.

அவர் பிறந்த ஊர் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. 1947 பிரிவினையில் சொந்த மண்ணை விட்டு வந்தவருக்குச் சண்டிகரில் வேலை கிடைத்தது. கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேயின் திட்டப்படி, நேர்க்கோட்டுச் சாலைகளும் கான்கிரீட் கட்டடங்களுமாக அந்நகரம் எழுந்துகொண்டிருந்தது. அதற்காகப் பல கிராமங்கள் இடிக்கப்பட்டன. எஞ்சிய இடிபாடுகளையும் ஓடைக் கற்களையும் நேக் சந்த் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தார். 1950களின் இறுதியில், கட்டடம் கட்டத் தடை இருந்த காட்டுப் பகுதியில், யாருக்கும் தெரியாமல் தோட்டப் பணியைத் தொடங்கினார்.

செய்முறை எளிமையானது. பழைய சைக்கிள் பாகங்களையும் கம்பிகளையும் வளைத்து உருவத்தின் கூட்டை அமைப்பார். அதன்மேல் சிமென்ட், மணல் கலவையைப் பூசி, மேற்பூச்சு காய்வதற்குள் சில்லுகளைப் பதிப்பார். உடைந்த விளிம்புகளைத் தேய்த்து மறைப்பதில்லை. வளையல் துண்டுகள் பெண் உருவங்களுக்கு வண்ண ஆடையாயின. கழிவறைப் பீங்கான்கள் சுவர்களில் ஏறின. வரிசையாக நிற்கும் மனிதர், குரங்கு, பறவை உருவங்களில் ஒன்றைப் போல் இன்னொன்று இராது.

1970களில் தோட்டம் அதிகாரிகளின் கண்ணில் பட்டது. சட்டப்படி அது ஆக்கிரமிப்பு. ஆனால் மக்கள் ஆதரவு பெருகவே, நிர்வாகம் இடிக்காமல் விட்டதோடு 1976இல் பொதுமக்களுக்குத் திறந்தும் வைத்தது. நேக் சந்துக்குச் சம்பளம் கிடைத்தது; உதவிக்கு 50 தொழிலாளர்களும் கிடைத்தனர். அருவிகளும் வளைவுகளும் பின்னர் சேர்ந்தன. 1984இல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் படைத்த உருவங்களின் பெரிய தொகுப்பொன்று அமெரிக்காவின் விஸ்கான்சினில் உள்ள ஜான் மைக்கேல் கோலர் கலை மையத்தில் இருக்கிறது.

ஆபத்து அத்துடன் விலகிவிடவில்லை. 1990இல் சாலை அமைக்க வந்த புல்டோசர்களை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்று தடுத்தனர். 2025இல், எதிர்ப்புகளுக்கிடையே, உயர் நீதிமன்றப் பகுதியின் போக்குவரத்து வசதிக்காகத் தோட்டத்தின் மதிலில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது.