‘பொய்கொட்’ என்னும் சொல் பிறந்த கதை

ஆங்கிலத்திலே நாம் அடிக்கடி கேட்கும் சொற்களுட் சில, மனிதரின் பெயரிலிருந்து தோன்றியவை. அவற்றுள் ஒன்று ‘பொய்கொட்’. நம் முன்னோர் பகிஷ்காரம் என்றும், நாம் புறக்கணிப்பு என்றும் வழங்கும் இச்சொல்லுக்கு இன்னும் நூற்றைம்பது வயது நிரம்பவில்லை. அது பிறந்த ஊரையும் ஆண்டையும் நாம் திட்டமாய் அறிவோம்.

அயர்லாந்தின் மேற்கே மேயோ என்னும் பகுதியில் ஏர்ண் பிரபுவுக்கு நிலங்கள் இருந்தன. பிரபு அங்கே வசிப்பவரல்லர். அவருக்காகக் குத்தகை அறவிட்டு வந்தவர் சார்ள்ஸ் கன்னிங்ஹாம் பொய்கொட் என்னும் ஆங்கிலேயர். முன்னர் படையிற் சேவித்தவராதலால் ஊரார் அவரைக் கப்டன் என்றே அழைத்தனர். 1879 இல் விளைச்சல் பொய்த்தது. அடுத்த ஆண்டிலே, குத்தகையில் நூற்றுக்கு 25 குறைக்க வேண்டுமெனக் குடியானவர் கேட்டனர். பிரபுவோ 10 மாத்திரமே குறைக்க இணங்கினார். அதை ஏற்க மறுத்தவர்களை நிலத்தினின்றும் எழுப்பக் கப்டன் முற்பட்டார்.

அதே வேளையில், 1880 செப்டெம்பர் 19 ஆந் திகதி, எனிஸ் என்னும் ஊரிலே ஐரிஷ் தலைவர் பார்னல் பேசினார். ஒருவனை எழுப்பிவிட்ட நிலத்தை இன்னொருவன் எடுத்தால் அவனை என்ன செய்யலாம் என்று கேட்டார். ‘சுட வேண்டும்’ என்று கூட்டத்திலிருந்து குரல் எழுந்தது. அதனிலும் நல்ல வழி உண்டென்றார் அவர். தெருவிலும் கடையிலும் சந்தையிலும் கோயிலிலும் அவனோடு எவரும் பேசாது ஒதுக்கிவிடுங்கள் என்பதே அவ்வழி.

சில நாட்களுள் அந்த வழி கப்டன்மீதே பிரயோகிக்கப்பட்டது. வேலையாட்கள் வயலை விட்டகன்றனர். கொல்லர் லாடம் அடிக்கவில்லை. சலவைக்காரி உடை வெளுக்கவில்லை. கடைக்காரர் பண்டம் விற்கவில்லை. விளைந்த பயிரை அறுக்க ஆளில்லை. ஈற்றில் வேறு பகுதிகளிலிருந்து 50 பேர் வந்து அறுத்தனர். அவர்களைக் காக்க ஏறக்குறைய 1,000 படைவீரர் நின்றனர். ஏறத்தாழ 500 பவுண் பெறுமதியான விளைவுக்கு 10,000 பவுண் வரை செலவாயிற்று என்பர். டிசம்பர் மாதத்தில் கப்டன் குடும்பத்தோடு அயர்லாந்தை விட்டுப் புறப்பட்டார். மறு ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம், நியாயமான குத்தகையை நீதிமன்றம் நிர்ணயிக்க வழிசெய்யும் நிலச் சட்டத்தை நிறைவேற்றியது.

இச்செயலுக்குப் பெயரிட்டவர் அவ்வூர்க் குருவாகிய ஓ’மாலி என்பர். விலக்கிவைத்தலைக் குறிக்க ஆங்கிலத்தில் முன்னரே ஒரு சொல் இருந்தது. பண்டைய ஆதென்ஸ் மக்கள் ஓட்டுத்துண்டிலே பெயர் பொறித்து ஒருவரைப் பத்தாண்டு நாடு கடத்திய வழக்கிலிருந்து வந்த சொல் அது. ஏழைக் குடியானவனுக்கு அது விளங்காது. ஆதலால் கப்டனின் பெயரையே வினைச்சொல்லாக்கினார். சில வாரங்களுள் இலண்டன் பத்திரிகைகளும் அதை எடுத்தாண்டன. பின்னர் பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளிலும் அது புகுந்தது.

சொல் ஒன்றாயினும் அதனாற் குறிக்கப்படும் செயல் ஒரு தன்மையதன்று. 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மொன்ற்கொமரி நகரத்துக் கறுப்பின மக்கள், தம்மைப் பிரித்து இருத்திய பஸ்களில் ஏறாது 381 நாட்கள் நடந்தனர், வென்றனர். 1933 ஏப்ரல் முதலாந் திகதி ஜெர்மனியில் நாசிகள் யூதரின் கடைவாசல்களில் காவல் நின்று வாங்க வருவோரைத் தடுத்தனர். இரண்டுக்கும் பெயர் பொய்கொட்டே. முன்னது எளியவர் தம் மானத்தைக் காக்க எடுத்த கருவி. பின்னது வலியவர் எளியவர்மேல் வீசிய வாள்.

நம்மவர் வரலாற்றிலும் இச்சொல்லுக்கு இடமுண்டு. டொனமூர் அரசியற்றிட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லையெனக் கண்ட யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் அழைப்பினால், 1931 இல் அரசாங்க சபைத் தேர்தலை வடக்கு பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணத்தின் நான்கு தொகுதிகளும் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன. அது வீரம் என்பாரும், சபையில் நம் குரலை இழந்தோம் என்பாரும் இன்றும் உளர். நாம் அவ்வழக்கைத் தீர்க்கப் புகவில்லை. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. அதே வாலிபர்தாம் தீண்டாமையையும் எதிர்த்து நின்றனர். கிணற்றிலே அள்ளவிடாமலும், கோயிலுள்ளே புகவிடாமலும் நம் ஊர்களிலே சிலரை ஒதுக்கிவைத்ததும் ஒரு பகிஷ்காரமே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். மேயோவின் குடியானவர் தமக்கு மேலிருந்தவரை ஒதுக்கினர். நாமோ நமக்குக் கீழென்று நாமே வைத்தவரை ஒதுக்கினோம்.

ஆகவே, இளைஞர்களே, ‘இவரைப் புறக்கணிப்போம்’ என்ற குரல் எங்கேனும் எழுமாயின், ஒதுக்குபவர் யார், ஒதுக்கப்படுபவர் யார், இருவருள் எவர் கையிலே பலம் உண்டு என்று முதலிற் கேளுங்கள். விடை கண்டபின் கைகோப்பதா விலகுவதா என்பதை உங்கள் மனச்சாட்சியே சொல்லும்.