அந்தியிற் காசி

திருச்சிற்றம்பலம்

காசி என்னும் பெயர் செவிப்பட்ட அளவிலே உள்ளங் குழையாத சைவர் இலர். முத்தி தரும் நகரங்கள் ஏழனுள் ஒன்றாக அஃது எண்ணப்படும். வடக்கே வருணை, தெற்கே அசி என்னும் இரண்டு சிற்றாறுகட்கு இடையே கிடத்தலின் வாரணாசி எனவும் பெயர் பெற்றது என்பர். கீழ்த்திசைக் கடலை நாடிச் செல்லுங் கங்கை இவ்விடத்து வடக்கு நோக்கித் திரும்பிப் பாய்கின்றது. ஆற்றின் மேல்கரை முழுவதும் கற்படிகளும் மாளிகைகளும் கோயில்களுமாய் நிறைந்திருப்ப, கீழ்கரை வெறும் மணல்வெளியாய்க் கிடக்கும். படித்துறைகளைக் கட்டங்கள் என வழங்குவர். அவை எண்பதின் மேற்பட்டன.

நகரம் கிழக்கு நோக்கியிருத்தலின், காலைக் கதிரொளி நேரே படிகளில் விழும். மாலையிலோ ஞாயிறு நகரின் பின்னே சென்று மறையும். வானில் ஒளி எஞ்சியிருக்கும்போதே படிகள் நிழலெய்தும். அந்நிழலில் ஒவ்வொன்றாக விளக்குகள் தோன்றும். பண்டை யாத்திரிகர் காலை நீராட்டினையே காசியின் பெரும்பயனாகக் கருதினர். இக்காலத்தே மாலையிற் காசி காண்டலும் ஒரு தனி வழக்காய்ப் பெருகியுள்ளது. பிற்பகலில் வந்திறங்குவோர் தமக்கெனத் தனியே ஒரு படகமர்த்தி, வழிகாட்டி ஒருவரையும் உடன்கொண்டு, இரண்டு மூன்று மணி நேரத்தில் நகரைக் கண்டு மீள்கின்றனர்.

வழிகாட்டுவோருட் பலர், காண்பன யாவும் பல்லாயிரம் ஆண்டுப் பழைமையுடையன என்று கூறி அமைவர். அதனைக் கேட்போருள் ஒரு சாரார் ஆராயாது நம்புவர். மற்றொரு சாரார், பின்னர் வரலாற்று நூல்களை நோக்கி, இப்பொழுதுள்ள விசுவநாதர் திருக்கோயில் கி. பி. 1780 அளவில் எழுந்ததென்று அறிந்து, காசியின் பழைமையே கட்டுக்கதை போலும் என மயங்குவர். இருசாரார் பிழையும் ஒன்றே. கல்லின் வயதும் வழிபாட்டின் வயதும் ஒன்றெனக் கருதியமையே அப்பிழை. இதனை ஒரு மாலையுலாவின் வழியே நின்று ஆராய்தல் தகும்.

கேதார கட்டம்

தமிழ்நாட்டு அடியார்க்கு இவ்வுலா கேதார கட்டத்தில் தொடங்குதலே முறையாகும். அதற்குத் தெற்கே அரிச்சந்திர கட்டத்துச் சுடலையும், அதன் அயலே அனுமான் கட்டமும் உள்ளன. சுப்பிரமணிய பாரதியார் 1898 முதல் 1902 வரை கல்வி கற்ற காலத்து வாழ்ந்தது அவ்வனுமான் கட்டத்திலேயாம். கேதார கட்டத்துப் படிகளிலும் கோயிற் சுவரிலும் வெள்ளையுஞ் செம்மையுமாகத் தீட்டிய பட்டைகளைப் படகிலிருந்தே காணலாம். திருநெல்வேலியிலோ கும்பகோணத்திலோ நிற்பதுபோன்ற உணர்ச்சி தென்னாட்டார்க்கு அங்கே தோன்றும். அதற்குக் காரணம் உண்டு.

சீவைகுண்டத்தில் தோன்றிய குமரகுருபர அடிகள் மதுரையில் திருமலை நாயக்கர் முன்னிலையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றினார். தருமபுர ஆதீனத்து நான்காவது குருமூர்த்தியாகிய மாசிலாமணி தேசிகரை அடைந்து அருளுபதேசம் பெற்றார். பின் அவர் ஆணைவழிக் காசிக்குச் சென்றார். தில்லிப் பாதுஷாவின் அவையில் அந்நாட்டு மொழியிற் பேசுதற்பொருட்டுக் கலைமகளை வேண்டிச் சகலகலாவல்லி மாலை பாடினார் என்பதும், சிங்கத்தின்மேல் ஏறிச் சென்றார் என்பதும் மடத்து வரலாறு. பெற்ற இடத்தில் மடம் அமைத்து, கேதாரேசர் திருக்கோயிற் பணியும் செய்தார். காசிக் கலம்பகமும் காசித் துண்டி விநாயகர் பதிகமும் இவர் வாக்கிற் பிறந்தன. இவர்வழி வந்தோரே 18 ஆம் நூற்றாண்டில் சோழநாட்டுத் திருப்பனந்தாளிலும் காசிமடத்தை நிலைபெறச் செய்தனர்.

இங்கே ஒன்று ஆராயத்தக்கது. அடிகள் காசியிற் கம்பராமாயணத்தை விரித்துரைப்ப, துளசிதாசர் அதனைக் கேட்டுத் தம் இராமகாதையைச் செய்தார் என ஒரு கதை பலராலும் உவந்து கூறப்படுகின்றது. துளசிதாசர் மறைந்தது 1623. திருமலை நாயக்கர் அரசாண்டது 1623 முதல் 1659 வரை. அந்நாயக்கர் அவையிற் பாடிய பின்னரே அடிகள் வடநாடு சென்றார். ஆகவே அக்கதை காலத்தோடு ஒவ்வாது. அதனை விடுத்தலால் அடிகள் பெருமை சிறிதுங் குறையாது. மொழி வேறாகிய நாட்டில், அரசு வேறாகிய காலத்தில், ஒரு தமிழ்த் துறவி அமைத்த மடம் இன்றும் கங்கைக்கரையில் நிற்கின்றது. மெய்யான பெருமை இருக்கும்போது பொய்யான அணி எதற்கு?

தசாசுவமேதம் முதல் மணிகர்ணிகை வரை

படகு வடக்கு நோக்கிச் செல்லச் செல்ல, கரையிலுள்ள மாளிகைகள் ஓங்கித் தோன்றும். இவற்றுட் பெரும்பாலன 18, 19 ஆம் நூற்றாண்டுகளில் மராட்டிய அரசரும் இராசபுத்திர வேந்தரும் வங்கநாட்டுச் செல்வரும் பிறரும் எடுப்பித்தவை. தர்பங்கா அரசர்க்குரிய மாளிகை 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது. பிரமன் பத்துப் பரிவேள்வி செய்தான் எனப்படும் தசாசுவமேதத்தின் பெயர் புராணத்தது. அங்குள்ள கற்படிகளோ மராட்டியர் காலத்துத் திருப்பணி. அதன் வடபால் மான்மந்திர கட்டத்தில் ஆம்பேர் அரசர் மான்சிங்கு 1600 அளவிற் கட்டிய மாளிகை நிற்கின்றது. அதன் மேல்தளத்தில் அவர் மரபினராகிய இரண்டாம் சயசிங்கு 18 ஆம் நூற்றாண்டில் கோள்நிலை காண்டற்குரிய கற்கருவிகளை அமைத்தார். கரையிற் காணப்படும் கட்டடங்களுள் மிக முந்தியவற்றில் இம்மாளிகை ஒன்றாதலை நோக்கின், கல்லின் வயது எவ்வளவு குறுகியது என்பது புலனாம்.

வழிபாட்டின் வயதோ நெடிது. 7 ஆம் நூற்றாண்டிற் சீனநாட்டிலிருந்து வந்த இயுவான் சுவாங்கு என்னும் புத்தத் துறவி, இந்நகரிற் பல தேவர்கோயில்கள் இருந்தமையையும், மக்களுட் பெரும்பாலோர் மகேசுரனை வழிபட்டமையையும், உடல் முழுவதும் நீறு பூசிய துறவியரைக் கண்டமையையும் எழுதி வைத்தார். புறச்சமயத்தார் சான்றாதலின் இது பெரிதும் மதிக்கத்தக்கது. திருநாவுக்கரசு நாயனார் கயிலை நோக்கிச் செல்லும் வழியில் வாரணாசியைச் சேர்ந்தமையைப் பெரியபுராணங் கூறும். 16 ஆம் நூற்றாண்டில் அதிவீரராம பாண்டியர் தென்காசியிலிருந்துகொண்டே காசிகாண்டத்தைத் தமிழிற் பாடினார். அவர் காலத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தென்காசியில் விசுவநாதர்க்குக் கோயிலெடுத்த குலம் அவர் குலம்.

மீர் கட்டத்தருகே விசாலாட்சியம்மை திருக்கோயில் உளது. அதன் திருப்பணியை நாட்டுக்கோட்டை நகரத்தார் செய்தமையின் அது தென்னாட்டு அமைப்பிலே விளங்கும். அதனைக் கடந்தால் மணிகர்ணிகை. பகலும் இரவும் அங்கே ஈமத்தீ அவிவதில்லை. அந்தியிலே அத்தீயின் ஒளி நீரில் நீண்டு தோன்றும். காசியில் இறப்பார் வலச்செவியில் இறைவன் தாரக மந்திரத்தை ஓதுகின்றான் என்பது ஆன்றோர் கொள்கை. படகிற் செல்வோர் இவ்விடத்தே உரத்துப் பேசுதலும் படமெடுத்தலும் தகா. எரிகின்ற ஒவ்வோருடலும் ஒரு குடியின் தந்தையோ தாயோ மகவோ ஆம். பார்வைப்பொருளாக வந்தோம் என்னும் எண்ணம் நீங்கி, தமக்கும் இதுவே முடிவென்று உணர்ந்து, வாய்க்குள் ஐந்தெழுத்தை எண்ணிக் கடத்தலே முறை. இவ்வுணர்வு ஒருவர்க்குக் கணமேனும் தோன்றுமாயின் அவர் படகுக்கூலி வீண்போகவில்லை.

அதற்கும் வடக்கே பஞ்சகங்கைக் கட்டம் உளது. அங்கிருந்த பழைய விந்துமாதவர் கோயிலை 1665 இல் தவெர்னியே என்னும் பிரெஞ்சு வணிகர் கண்டு எழுதியுள்ளார். அடுத்த சில ஆண்டுகளில் அக்கோயில் இல்லையாயிற்று. இது விசுவநாதர் திருக்கோயில் வரலாற்றோடு சேர்த்து அறியற்பாலது.

விசுவநாதர் திருக்கோயில்

1194 இல் குத்புதீன் ஐபக்கின் படையினர் காசியிற் கோயில்கள் பலவற்றை அழித்தனர். விசுவநாதர் கோயில் பின்னரும் எழுந்தும் அழிந்தும் வந்தது. 1585 அளவில், அக்பர் அமைச்சருள் ஒருவராகிய தோடர்மால் துணைசெய்ய, நாராயணபட்டர் என்னும் பேரறிஞர் முன்னின்று அதனைப் பெருங்கோயிலாக எடுப்பித்தார். 1669 இல் ஔரங்கசீப்பின் ஆணையால் அதுவும் இடிக்கப்பட்டு, அவ்விடத்தே ஞானவாபிப் பள்ளிவாசல் எழுந்தது. அவ்வரசன் தமையனாகிய தாரா சுக்கோவோ 1657 இல் காசிப் பண்டிதர் துணைகொண்டு உபநிடதங்களைப் பாரசீகத்திற் பெயர்த்தவன். ஒரே தந்தைக்குப் பிறந்த இருவருள் ஒருவன் மறையைப் போற்றினான், மற்றொருவன் கோயிலை இடித்தான். ஆதலின் இவ்வரலாறு ஒரு மக்கட்பகுதி முழுவதையும் பகைத்தற்குக் கருவியாதல் கூடாது. உண்மையை உள்ளவாறு அறிதற்கே அது பயன்பட வேண்டும்.

1669 க்குப் பின் ஏறத்தாழ நூற்றுப்பத்தாண்டுகள் விசுவநாதர்க்கு முன்போற் பெருங்கோயில் இல்லை. அதுபற்றி யாத்திரிகர் வாராதொழிந்தனரோ? இல்லை. வந்தனர், நீராடினர், வலம்வந்தனர், வணங்கினர், மீண்டனர். அவ்வன்பே 1780 அளவில் இந்தூர் அரசி அகல்யாபாயின் உள்ளத்தே புகுந்து இப்பொழுதுள்ள திருக்கோயிலாக வெளிப்பட்டது. 1830 களிற் பாஞ்சால வேந்தர் இரஞ்சித்சிங்கு அளித்த பொன் விமானத்தை மூடியது. 2021 திசம்பரில், சூழ இருந்த நூற்றுக்கணக்கான கட்டடங்களை அகற்றிக் கங்கையிலிருந்தே கோயிலைக் காணுமாறு பெருவெளி திறக்கப்பட்டது. குறுகிய சந்துகளில் நுழைந்து சென்று திடீரெனப் பொற்சிகரத்தைக் கண்டோர் அனுபவம் இனி வருவோர்க்கு இல்லை. நெருக்கடியின்றி முதியோருஞ் சென்று வணங்கும் வசதி அவர்க்கு உண்டு. இவ்வாறு கல் மாறிக்கொண்டே வருகின்றது. மாறாதது யாது என்பதே கேள்வி.

மாலையின் இரு வழிபாடுகள்

மாலை ஏழு மணியளவில் காசியில் இரண்டு வழிபாடுகள் ஏறக்குறைய ஒரே பொழுதில் நிகழும். ஒன்று தசாசுவமேத கட்டத்துக் கங்கை ஆரத்தி. வரிசையாக நிற்கும் இளைஞர் பல்லடுக்குத் தீபங்களை ஏந்திச் சுழற்ற, மணியும் சங்கும் முழங்க, படகுகள் நெருங்கி நிற்க, காண்பார் கண்ணை ஈர்க்கும் காட்சி அது. இப்பெரிய அளவில் அது நடைபெறுவது 1990 களுக்குப் பிற்பட்ட வழக்கு. மற்றொன்று விசுவநாதர் சந்நிதியில் நிகழும் சப்தரிஷி பூசை. முனிவர் எழுவர் நிலையில் எழுவர் சூழ்ந்திருந்து சிவலிங்கப் பெருமானை ஆட்டி, அலங்கரித்து, ஒருங்கே மறையோதித் தீபங் காட்டுவர். படகில் அமர்ந்து முன்னதைக் காண்போர் பெரும்பாலும் பின்னதை இழக்கின்றனர். பின்னதொன்று உண்டென்பதையே பலர் அறியாமல் ஊர் திரும்புகின்றனர்.

கங்கையை வழிபடுதல் தாழ்ந்ததன்று. இறைவன் சடையிற் கொண்ட நீர் அது. ஆயினும் ஒரு மாலையே தங்குவோர், கண்ணுக்கு விருந்தாவதையும் கருத்துக்கு விருந்தாவதையும் வேறு பிரித்தறிந்து, எது தமக்கு வேண்டுவதென்று துணிதல் நன்று. இரு மாலை தங்குவோர்க்கு இரண்டும் கிட்டும்.

அவ்விரண்டின் இடையே மூன்றாவதொன்றும் உண்டு. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் காசியிற் சத்திரம் நிறுவிய நாட்டுக்கோட்டை நகரத்தார், விசுவநாதர் பூசைக்குரிய பால், சந்தனம், மலர், வில்வம், திருநீறு முதலியவற்றை நாடோறும் கொண்டுசென்று சேர்க்குங் கட்டளையை மேற்கொண்டனர். சுமந்து செல்வோர் ‘சம்போ’ என முழங்கிச் செல்லுதலின் அச்செலவுக்கே சம்போ என்பது பெயராயிற்று. மாட்டுவண்டியும் மக்கட்டிரளும் நிறைந்த தெருவில் அன்று நடந்தனர். உந்துவண்டிகள் நெருங்கும் தெருவில் இன்றும் நடக்கின்றனர். இருநூறு ஆண்டுகட்கு மேலாக நிகழும் இதனைக் காணப் படகும் வேண்டா, சீட்டும் வேண்டா. தெருவோரத்தில் நின்றாற் போதும்.

காசியின் பழைமை இருக்குமிடம் இதுவே. அரசர் கட்டியது இடிந்தது. இடிந்ததை மற்றோரரசர் கட்டினார். நாடோறும் ஒரு குடம் பாலைச் சுமந்தவன் செயலோ இடிக்கப்படவில்லை. இடித்தற்கு அது கல்லன்று. மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் ஆலயத்தோடு அடியார் திருவேடத்தையும் அரனெனவே தொழுமாறு பணித்ததன் நுட்பம் காசித் தெருவில் விளங்கும். ஆலயம் மறைந்த காலத்தும் அடியார் இருந்தமையின் வழிபாடு இருந்தது. வழிபாடு இருந்தமையின் ஆலயம் மீண்டது.

ஆகலின் மாலையிற் காசி காணப் புகுவோர் கேதாரத்திற் றொழுது, மணிகர்ணிகையில் வாயடங்கி, விசுவநாதர் சந்நிதியிற் கைகூப்பி, திரும்பும் வழியில் அச்சம்போ முழக்கத்தையும் கேட்டு மீள்வாராக. வழிகாட்டி கூறும் ஆண்டுக்கணக்குப் பிழைபடினும் அவர் கண்ட காசி பிழைபடாது.

திருச்சிற்றம்பலம்