இரைச்சலை மறைக்க வந்த இரைச்சல்

காதிரைச்சலுக்கு வைத்தியம் என்றால் நெடுங்காலம் காதுக்குள் எண்ணெய் விடுவது போன்றவைதான். பாரிஸ் நகரத்துக் காதுகேளாதோர் பள்ளியில் மருத்துவராக இருந்த ழான் மார்க் காஸ்பார் இத்தார், 1821-இல் வெளியிட்ட காது நோய் நூலில், காதுக்கு வெளியே செய்யும் வைத்தியம் ஒன்றைச் சொன்னார். காட்டில் பிடிபட்ட விக்டர் என்ற சிறுவனுக்குப் பேச்சு வரவழைக்கப் பாடுபட்டாரே, அதே இத்தார்தான். காதில் 'ஹோ'வென்று இரைகிறதா, கொழுந்துவிட்டு எரியும் கணப்பின் முன்னால் உட்கார். 'உஸ்' என்று சீறுகிறதா, கணப்பில் ஈர விறகைப் போடு. மணிபோலக் கணகணக்கிறதா, கீழே ஒரு செப்புப் பாத்திரத்தை வைத்து, அடியில் சிறு துளையிட்ட வாளியிலிருந்து தண்ணீரை மெல்லிய தாரையாக அதில் விழவிடு. உள்ளே கேட்கும் சத்தத்துக்கு ஏற்ற சத்தம் வெளியே கேட்டால் உள்ளது மறையும், நோயாளி தூங்குவார். பெரிய சத்தம் சின்னச் சத்தத்தை விரட்டும் என்பது கிரேக்கர்களுக்கே தெரிந்த விஷயம். அதை ஆளுக்குத் தகுந்தாற்போல் அளந்து கொடுக்கலாம் என்று நினைத்தது இத்தார்.

அந்தச் செப்புப் பாத்திரம் ஒரு கருவியாக மாற ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆயின. மாறியது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில். மாற்றிய ஜாக் வெர்னன் காது மருத்துவர் அல்ல, உளவியலாளர். ஒளியும் ஒலியும் புகாத அறையில் மனிதர்களை விட்டுவைத்தால் அவர்கள் மனம் என்ன ஆகிறது என்று பிரின்ஸ்டனில் ஆராய்ந்துவிட்டு, செவிப்புலன் ஆய்வுக்கூடம் அமைக்க ஓரிகனுக்கு வந்தவர். அவரைத் தேடி வந்தார் சார்லஸ் யூனிஸ் என்ற கலிபோர்னியா மருத்துவர். அவருக்கே காதிரைச்சல் உண்டு. இதை யாரும் ஆராய்வதில்லையே என்ற ஆதங்கமும் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் ஒருநாள் இருவரும் லவ்ஜாய் நீரூற்றுப் பக்கம் நடந்துபோனார்கள். மலையருவியை மனத்தில் வைத்து லாரன்ஸ் ஹால்ப்ரின் வடிவமைத்தது அது. கான்கிரீட் படிகளில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். அருகில் போனதும் யூனிஸுக்குக் காதிரைச்சல் கேட்கவில்லை.

நீரூற்றைத் தூக்கிக்கொண்டு திரிய முடியாது, அதன் சத்தத்தைத் தூக்கிக்கொண்டு திரியலாமே என்று வெர்னனுக்குப் பட்டது. அப்படி வந்ததுதான் 'மாஸ்கர்'. பார்க்க ஒரு காது மெஷின்தான். ஆனால் அது வெளிச் சத்தத்தைப் பெருக்கித் தருவதில்லை. ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ போல 'உஸ்ஸ்' என்று ஒரே சீராக இரைந்துகொண்டிருக்கும். சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்னத் திருகு. சிலருக்குக் கருவியை நிறுத்திய பிறகும் சில விநாடிகள், அதிர்ஷ்டம் இருந்தால் சில நிமிடங்கள், காது அமைதியாக இருந்தது. பல ஆண்டுகளாக அமைதி என்பதையே அறியாதவருக்கு அந்தச் சில நிமிடங்கள் எப்படி இருந்திருக்கும்!

எல்லோருக்கும் அது ஒத்துவரவில்லை. ஒரு சத்தத்துக்குப் பதில் இன்னொரு சத்தம்தானே என்று கழற்றி வைத்தவர்கள் இருந்தார்கள். அதோடு ஆய்வுக்கூடங்களில் ஒரு புதிர் நெடுநாளாகக் கிடந்தது. 'உங்கள் காதில் கேட்பதற்குச் சமமான சத்தம் வரும்போது சொல்லுங்கள்' என்று நோயாளியிடம் கேட்டு அளந்தால், அவருடைய செவி கேட்கக்கூடிய மிகக் குறைந்த ஒலிக்குச் சில டெசிபல்கள் மேலேதான் பலருக்கும் வந்தது. ஜெட் விமானம் மாதிரி இரைகிறது என்று அழுதவருக்கும் அதே அளவு, 'ஏதோ கேட்கிறது, நான் கண்டுகொள்வதில்லை' என்றவருக்கும் அதே அளவு. 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் நல்ல செவித்திறன் உள்ள 80 பேரை ஒலிபுகா அறையில் உட்காரவைத்து, என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். 94 சதவீதம் பேர் ரீங்காரம், சீழ்க்கை, இரைச்சல் என்று எதையாவது எழுதித் தந்தார்கள். அவர்களில் யாரும் நோயாளி இல்லை.

அப்படியானால் மாஸ்கர் மறைக்க வேண்டியது எதை?

இதற்குப் பதில் சொன்னவர் லண்டனில் இருந்த உளவியலாளர் ரிச்சர்ட் ஹாலம். ராக்மன், ஹிஞ்ச்கிளிஃப் ஆகிய இருவரோடு சேர்ந்து 1984-இல் அவர் எழுதிய கட்டுரையில் கேள்வியையே திருப்பிப் போட்டார். காதிரைச்சல் உள்ளவர்களில் பெரும்பாலோர் அதைச் சட்டை செய்யாமல் வாழ்கிறார்கள். ஆகவே பழகிப்போவதுதான் இயல்பு. சிலருக்கு அந்தப் பழக்கம் ஏன் தடைப்படுகிறது என்பதைத்தான் ஆராய வேண்டும் என்றார். தடுப்பது பதற்றம். சத்தம் ஓர் ஆபத்தின் அறிகுறி என்று மனம் எடுத்துக்கொண்டால், மூளை அதைக் காவல் காக்கும். காவல் காக்கும்வரை அது பழகாது.

நம் வீட்டு மின்விசிறியை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க அது போடும் சத்தத்தை யாரும் கேட்பதில்லை. கரண்ட் போன நொடியில் விழிப்பு வருகிறது. காதிரைச்சல் உள்ளவருக்கு அந்த நொடியில் இன்னொன்றும் நடக்கும். விசிறி மூடி வைத்திருந்த 'ங்கொய்' கிளம்பிவிடும். குளிர்காலத்திலும் விசிறியில்லாமல் தூங்க முடியாது என்று அடம்பிடிக்கும் பெரியவர்கள் சிலர் காற்றுக்காகவா அதைக் கேட்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

நம் ஊர் நோயாளிகள் பலர் டாக்டர் வாயால் கேட்டுவிட்டு வரும் வாக்கியம் 'இதோட பழகிக்கோங்க'. ஹாலம் சொன்னதும் இதைத்தான். வேறுபாடு என்னவென்றால், டாக்டர் அதைச் சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுகிறார். எப்படிப் பழகுவது என்பதற்கு ஹாலமும் அவருக்குப் பின் வந்தவர்களும் தங்கள் வேலைநாட்களை முழுக்கச் செலவிட்டார்கள்.

மாஸ்கரின் இரண்டாவது பிறவி இங்கே தொடங்குகிறது. போலந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பாவெல் யாஸ்ட்ரெபோஃப் 1990-இல், காதில் எழும் மெல்லிய சமிக்ஞையை மூளையின் உணர்ச்சி, அச்சப் பகுதிகள் பிடித்துக்கொள்வதால்தான் அது துன்பமாகிறது என்று ஒரு விளக்கம் வகுத்தார். லண்டன் காது மருத்துவர் ஜோனதன் ஹேஸலுடன் சேர்ந்து அதைச் சிகிச்சையாக்கினார். பெயர் டி.ஆர்.டி. (டின்னிடஸ் ரீட்ரெய்னிங் தெரபி), அதாவது காதிரைச்சலோடு பழக மூளைக்குத் தரும் மறுபயிற்சி. நோயாளிக்குக் காதும் மூளையும் எப்படி வேலை செய்கின்றன என்று மணிக்கணக்கில் விளக்குவது அதன் ஒரு பாதி. மறு பாதி அதே காதோரக் கருவி. ஆனால் இப்போது திருகை முழுக்கத் திருப்பக் கூடாது! கருவியின் ஒலியும் காதிரைச்சலும் ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கும் புள்ளிக்குச் சற்றுக் கீழே நிறுத்த வேண்டும். இரண்டும் கேட்க வேண்டும். கேட்காத ஒன்றோடு மூளை எப்படிப் பழகும் என்பது யாஸ்ட்ரெபோஃபின் வாதம். மறைப்பதற்காகப் பிறந்த கருவிக்கு, மறைக்காதே என்பது கட்டளையாயிற்று. தினமும் பல மணி நேரம் அணிந்து, ஒன்றரை ஆண்டுவரை பொறுக்க வேண்டும்.

இதே காலத்தில் ஸ்வீடனின் உப்சாலாவில் கருவியே இல்லாத வழி ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. ஸ்காட், லிண்ட்பெரி முதலியோர் 1985-இல் வெளியிட்ட ஆய்வில் தசைகளைத் தளர்த்தும் பயிற்சியும் கவனத்தை வேண்டும்போது நகர்த்தும் பயிற்சியும் இருந்தன. பின்னால் இது சி.பி.டி. எனப்படும் சிந்தனை, நடத்தைச் சிகிச்சையாக வளர்ந்தது. அதில் நடப்பது பார்க்க மிகச் சாதாரணம். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தவர் 'இது கூடிக்கொண்டே போய் எனக்குப் பைத்தியம் பிடிக்கப்போகிறது' என்று நினைத்ததைக் காலையில் எழுதி எடுத்துவருகிறார். அதற்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன, கடைசியாகக் கூடியபோது பிறகு என்ன நடந்தது என்று இருவரும் அலசுகிறார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் காது கெட்டுவிடும் என்று இரண்டு வருடமாகப் போகாதவர் அரைமணி நேரம் போய்வந்து, இரைச்சல் அன்றிரவு எப்படி இருந்தது, மறுநாள் எப்படி இருந்தது என்று குறித்துவருகிறார். பயந்ததில் பாதி நடப்பதில்லை. நடந்த பாதியும் மறுநாளைக்குள் தணிந்துவிடுகிறது.

இந்த வெளிச்சத்தில் மாஸ்கர் மீது ஒரு குற்றச்சாட்டும் எழுந்தது. லண்டன் உளவியலாளர் லாரன்ஸ் மெக்கென்னாவும் சகாக்களும் 2014-இல் வெளியிட்ட விளக்கத்தில், நோயாளி பாதுகாப்புக்காகச் செய்யும் காரியங்களே பயத்தை உயிரோடு வைத்திருக்கின்றன என்றார்கள். அமைதியான அறை வந்தாலே பாட்டைப் போட்டுக்கொள்வது அப்படி ஒரு காரியம். அமைதியில் இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்கும் வாய்ப்பே அவருக்குக் கிடைப்பதில்லை. காதோரக் கருவி இப்படி ஒரு கைத்தடியாகிவிடலாம் என்பதை மாஸ்கர் விற்றவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

சோதனை முடிவுகளும் அந்தப் பக்கமே சாய்ந்தன. நெதர்லாந்தில் ரிலானா சீமாவும் குழுவினரும் 492 பேரிடம் நடத்தி 2012-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், சி.பி.டி.யை முதுகெலும்பாக வைத்துப் படிப்படியாகத் தந்த சிகிச்சை வழக்கமான சிகிச்சையைவிட நன்றாக வேலை செய்தது. அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 151 பேரிடம் நடந்த டி.ஆர்.டி. சோதனை 2019-இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு உண்மையான கருவி, இன்னொரு குழுவுக்குப் பொய்க் கருவி, மூன்றாவது குழுவுக்கு வழக்கமான ஆலோசனை. ஒன்றரை ஆண்டு முடிவில் மூன்று குழுக்களும் தேறியிருந்தன, ஒன்றுக்கொன்று சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வெர்னன் தொடங்கிய கருவிக்கு இதைவிடச் சங்கடமான சான்றிதழ் கிடைத்திருக்க முடியாது. 28 ஆய்வுகளில் 2733 பேரைப் பற்றிய தரவுகளைத் திரட்டிய காக்ரேன் அமைப்பின் 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பு, சிகிச்சை முடிந்த கையோடு பார்த்தால் சி.பி.டி. காதிரைச்சலின் தொல்லையைக் குறைக்கிறது என்றது. குறைவது தொல்லை. ஒலியின் அளவு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது, இதை முதல் நாளே நோயாளியிடம் சொல்லிவிடுவது நல்லது.

சிகிச்சை தருபவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால், யெர்ஹார்ட் ஆண்டர்சன் குழுவினர் ஸ்வீடனில் சி.பி.டி.யை இணையத்தில் ஏற்றி 2002-இலேயே சோதித்தார்கள். மெக்கென்னா வேறு திசையில் போனார். 2017-இல் வெளியான அவர் குழுவின் ஆய்வில் 75 பேர். ஒரு பாதிக்குத் தளர்வுப் பயிற்சி, மறு பாதிக்கு எட்டு வாரம் தியானத்தோடு கலந்த சி.பி.டி. இரு குழுக்களுக்கும் பலன் கிடைத்தது, தியானக் குழுவுக்குக் கூடுதலாக. அங்கே மூச்சைக் கவனிப்பதுபோலவே காதிரைச்சலையும் கவனிக்கச் சொல்கிறார்கள். எங்கே கேட்கிறது, ஒரே சுருதியா, கூடுகிறதா குறைகிறதா, பிடிக்கவில்லை என்ற எண்ணம் எப்போது வந்து ஒட்டிக்கொள்கிறது. மறைப்பது என்ற பேச்சே இல்லை. சிகிச்சை நெறிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், மன உளைச்சல் உள்ளவர்களுக்கு இணையவழி சி.பி.டி.யில் தொடங்கி, குழுவாகத் தியானம் கலந்த சி.பி.டி., பிறகு தனியாக என்று படிகள் வரிசையாகின.

மாஸ்கர் செத்துவிடவில்லை. இப்போது பல காது மெஷின்களுக்குள் அது ஒரு புரோகிராமாக ஒளிந்திருக்கிறது; செல்பேசியில் மழைச் சத்தமாகவும் கடலலையாகவும் இலவசமாகவே கிடைக்கிறது. தூக்கம் வராத இரவில் மெல்லிய சத்தம் ஓடட்டும், அதில் தவறில்லை. செவித்திறன் குறைந்தவருக்கு மெஷின் வேறு காரணத்துக்காகவே தேவை: வெளியுலகச் சத்தங்கள் சரியாக உள்ளே வந்தால் உள்ளிரைச்சல் தானே பின்னுக்குப் போகும். ஆனால் கேட்கும் திறன் நன்றாக இருப்பவரிடம் யாராவது இந்த இரைச்சல் கருவியைப் பெரிய விலைக்கு விற்க வந்தால், ஆடியாலஜிஸ்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கருவியின் மாடலைப் பற்றியது அல்ல. இதோடு பேசிப் பயிற்சி தர யார் இருக்கிறார்கள் என்பதே. ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, நாடித் துடிப்போடு சேர்ந்து துடித்தாலோ, திடீரென்று செவி மங்கினாலோ அந்தக் கேள்விக்கெல்லாம் முன்னால் இ.என்.டி. டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். செவி மங்கியிருந்தால் அன்றைக்கே.