எக்கிள்ஸ் ஏற்ற தோல்வி

அறிவியலின் வரலாற்றை வெற்றிகளின் வரலாறாகவே நாம் படித்துப் பழகிவிட்டோம். யார் எதைக் கண்டுபிடித்தார், எந்த ஆண்டில் பரிசு பெற்றார் என்பதோடு நம் பாடநூல்கள் நின்றுவிடுகின்றன. நரம்பியல் அறிஞர் சர் ஜான் எக்கிள்ஸின் வாழ்விலோ, அவருடைய கொள்கை தோற்ற நாளே நாம் கருத்தூன்றி நோக்க வேண்டிய நாளாகும்.

1903-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பிறந்து, கத்தோலிக்கராக வளர்க்கப்பட்டவர் எக்கிள்ஸ். 'நான்' என்று உணரும் மனத்திற்கும் மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளைக்கும் என்ன உறவு என்ற கேள்வி இளமையிலேயே அவரை ஆட்கொண்டது. மருத்துவப் பட்டம் பெற்றதும் 1925-இல் ஆக்ஸ்போர்டு சென்று, நரம்பியலின் பேராசானாகிய சார்லஸ் ஷெரிங்டனிடம் மாணவரானார்.

நரம்பணுக்கள் ஒன்றையொன்று நெருங்கிச் சந்திக்கும் இடத்திற்குச் 'சினாப்ஸ்' என்று பெயரிட்டவர் ஷெரிங்டன். அங்கே ஓர் அணுவிலிருந்து மற்றோர் அணுவுக்குச் செய்தி எவ்வாறு கடந்து செல்கிறது? ஒருவகை வேதிப்பொருள் சுரந்து அதைக் கொண்டு செல்கிறது என்றனர் ஹென்றி டேலும் அவரைச் சார்ந்தோரும். மின்னோட்டமே நேரடியாகத் தாவுகிறது என்றார் எக்கிள்ஸ். கண்ணிமைக்கும் நேரத்திலும் மிகக் குறுகிய நேரத்தில் நடந்து முடியும் செயலுக்கு வேதிப்பொருளின் வேகம் போதாது என்பது அவர் வாதம். அறிஞர் அவைகளில் இருதரப்பும் ஆண்டுக்கணக்கில் கடுமையாக மோதிக்கொண்டன. ஆயினும் டேலுக்கும் எக்கிள்ஸுக்கும் இடையே நட்பு குன்றவில்லை.

1944-இல் நியூசிலாந்தின் டனீடன் நகருக்குப் பேராசிரியராகச் சென்ற எக்கிள்ஸ், அடுத்த ஆண்டு மெய்யியலார் கார்ல் பாப்பரைச் சந்தித்தார். பாப்பர் கூறிய அறிவுரை எளியது. ஆனால் பின்பற்ற அரியது. உமது கருத்தைக் காப்பாற்ற வழி தேடாதீர். அது பொய்யென்றால் எந்தச் சோதனையில் வெளிப்படுமோ, அந்தச் சோதனையையே நாடிச் செல்லும். கருத்துப் பொய்யாவது இழிவன்று, அறிவு வளரும் வழி அதுவே. இதுதான் அந்த அறிவுரையின் சாரம்.

எக்கிள்ஸ் அவ்வாறே செய்தார். 1951-இல் ப்ராக், கூம்ப்ஸ் என்னும் இருவருடன் சேர்ந்து, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் நுண்ணிய முனையுடைய கண்ணாடிக் குழாயைப் பூனையின் தண்டுவட நரம்பணு ஒன்றினுள் செலுத்தினார். அணுவின் செயல் அடக்கப்படும் வேளையில் அதனுள் மின்னழுத்தம் எத்திசையில் மாறுகிறது என்பதே கேள்வி. அவர் கொள்கை மெய்யானால் அது ஒரு திசையில் மாற வேண்டும். கருவி காட்டியதோ நேர் எதிர்த்திசை! பல்லாண்டுகள் கட்டிக் காத்த கோட்டை அவர் கையாலேயே இடிந்தது.

கருவியைக் குறை கூறவும் முடிவை மறைக்கவும் அவர் முற்படவில்லை. தம் கொள்கை தவறென்று 1952-இல் வெளியான ஆய்வுரையில் உலகறிய ஒப்புக்கொண்டு, வேதியியல் விளக்கத்தை ஏற்றார். தமஸ்கு செல்லும் வழியில் சவுல் பெற்ற மனமாற்றத்தோடு இதனை ஒப்பிட்டார் டேல். மனம் மாறிய சவுல் ஓய்ந்துவிடவில்லை, எக்கிள்ஸும் அப்படியே. கான்பெராவில் தொடர்ந்த ஆய்வுகளுக்காக 1963-இல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். இன்று வலிப்பு நோய்க்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் மருந்துகளில் பல, நரம்புச் சந்திகளில் நிகழும் அந்த வேதிப் பரிமாற்றத்தின்மீதே செயல்படுகின்றன. சில சந்திகளில் மின்னோட்டமும் நேரடியாகக் கடக்கிறது என்பதைப் பிற அறிஞர்கள் 1950-களின் இறுதியில் நிறுவியதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இளமையில் எழுந்த கேள்வி அவரை விடவில்லை. மூளையையும் நனவுணர்வையும் பற்றி 1964-இல் வத்திக்கானில் பாப்பிறை அறிவியல் கழகம் கூட்டிய ஆய்வு வாரத்தை அவரே நடத்தினார். 1977-இல் பாப்பருடன் இணைந்து எழுதிய நூலில், மனம் மூளையின் வெறும் விளைவன்று, அதனோடு ஊடாடும் தனிப்பொருள் என்று வாதிட்டார். ஒவ்வோர் ஆன்மாவும் இறைவனின் தனிப் படைப்பு என்பது அவர் நம்பிக்கை. நரம்பியலாளருள் பெரும்பாலோர் அவருடைய வாதத்தை ஏற்கவில்லை. 1997-இல் இறக்கும்வரை அவர் அதைக் கைவிடவும் இல்லை.

'ஆன்மா உண்டென்று நோபல் அறிஞரே கூறிவிட்டார்' என மேடைகளில் முழங்கும் ஆவல் நமக்கு எழக்கூடும். அது வேண்டியதில்லை. ஆன்மாவும் உடலும் இணைந்து ஒரே மனித இயல்பாகின்றன என்பது திருச்சபையின் போதனை. அது எந்த ஓர் அறிஞரின் கோட்பாட்டையும் ஊன்றுகோலாகக் கொண்டு நிற்பதன்று. எக்கிள்ஸிடமிருந்து நாம் பெறவேண்டிய கொடை வேறு. உண்மை அனைத்தும் ஒரே இறைவனிடமிருந்து வருகிறது என நம்புகிறவன், ஆய்வின் முடிவைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும்? பங்குப் பேரவையிலும் இல்லத்திலும் நாம் பிடித்த பிடியை விடாது வாதிடும் வேளைகளில், நம் கருத்தைக் காக்க விரும்புகிறோமா, உண்மையைக் காண விரும்புகிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வது நலம்.