உயர்நிலைப் பள்ளியும் பொதுத்தரமும்

உயர்நிலைப் பள்ளிகள் யாவும் ஒரே குறிக்கோளை நோக்கி, ஒரே தர அளவுடன் இயங்குதல் வேண்டும் என்னும் கருத்து இன்று இயல்பாகத் தோன்றும். ஆயின், அவ்வளவை வகுக்கும் உரிமை யாருக்குரியது என்னும் வினா தமிழகக் கல்வி வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. அதனைக் கால முறையில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அது நடத்திய மெட்ரிகுலேசன் தேர்வே உயர்நிலைப் பள்ளிகளுக்கு அளவுகோலாயிற்று. பள்ளி பலவாயினும் அளவு ஒன்றாயிற்று என்பது உண்மையே. ஆயின் அது கல்லூரி வாயிலுக்கு வகுத்த அளவு. கல்லூரி புகாத மாணவர்க்கு அது வழிகாட்டவில்லை. 1882-இல் அமைந்த ஹண்டர் குழு இக்குறையை உணர்ந்து, கல்லூரிக்குச் செல்வார்க்கு ஒரு பிரிவும் வாணிகம் முதலிய தொழில்களை நாடுவார்க்கு மற்றொரு பிரிவும் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. பின்னர், 1911 அளவில் எஸ்.எஸ்.எல்.சி. முறை தோன்றவே, பள்ளியிறுதித் தேர்வு அரசின் கல்வித்துறைப் பொறுப்பாயிற்று.

விடுதலைக்குப் பின் 1952-இல் இந்திய அரசு நிறுவிய இடைநிலைக் கல்விக் குழு இவ்வினாவை விரிவாக ஆராய்ந்தது. அக்குழுவின் தலைவர் ஆ. இலக்குமணசாமி முதலியார். அந்நாளில் அவரே சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. 1953-இல் அக்குழு அளித்த அறிக்கை, குடியாட்சிக்குரிய பண்பு, தொழில்திறன், ஆளுமை வளர்ச்சி, தலைமைத்திறன் ஆகியவற்றைக் கல்வியின் குறிக்கோள்களாகக் கொண்டது. தேர்வே பாடத்தை ஆளும் நிலையைக் கண்டித்துப் பொதுத்தேர்வுகளைக் குறைக்கவும், பள்ளியில் எழுதப்படும் மாணவர் வளர்ச்சிப் பதிவுகளை மதிப்பீட்டில் கொள்ளவும், பல்நோக்குப் பள்ளிகளை அமைக்கவும் வலியுறுத்தியது. குறிக்கோள் முன்னும் அளவுகோல் பின்னும் வருதல் வேண்டும் என்பதே அதன் கருத்தென்க.

எனினும், கட்டடமும் கருவியும் இல்லாத பள்ளி எந்த அளவையும் எட்டுதல் அரிது. 1958-இல் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் இவ்வுண்மையை உணர்ந்தவை. ஊர் மக்கள் தத்தம் பள்ளிக்கு வேண்டுவனவற்றைத் தாமே வழங்க முன்வந்தனர்.

1978-இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளில் புகுத்தப்பட்டது. ஆயினும் மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேசன், ஆங்கிலோ இந்தியன், கீழ்த்திசை என நால்வகைப் பாடத்திட்டங்கள் அருகருகே நிலவின. இவற்றை ஒன்றாக்கச் சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. அதனை உடனே நடைமுறைப்படுத்துமாறு 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

இவற்றால் ஒன்று தெளிவாகும். பாடநூலை ஒன்றாக்கச் சட்டம் போதும்; அந்நூலைப் பயிலும் வாய்ப்பை ஒன்றாக்க ஆசிரியரும் நூலகமும் ஆய்வுக்கூடமும் எல்லாப் பள்ளிக்கும் வேண்டும். அவை வாய்க்காத பள்ளிக்குப் பொதுத்தரம் துணையாகாது. அதன் குறையை அளந்து காட்டும் கோலாக மட்டுமே நிற்கும்.