அரைக்கட்டை ஏறிய பாட்டு

கோவை சினிமாவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஸ்டுடியோக்கள் மூடப்பட்ட இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். படங்களுக்கு அதற்குப் பின்னும் ஒரு வாழ்க்கை இருந்தது. சுருளிலிருந்து காந்தநாடாவுக்கும், நாடாவிலிருந்து குறுந்தகட்டுக்கும், தகட்டிலிருந்து கணினியின் வன்தட்டுக்கும் அவை குடிபெயர்ந்தன. பொள்ளாச்சியில் ஒருவர் பழைய விசிடியைக் கணினியில் போட்டு, படம் ஓடாமலோ, ஓடியும் ஒலி ஒட்டாமலோ அல்லாடும்போது, அந்தக் குடிபெயர்வில் நேர்ந்த சேதத்தைத்தான் எதிர்கொள்கிறார்.

1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து சாமிக்கண்ணு வின்சென்ட் படம் காட்டும் கருவியையும் சில துண்டுப் படங்களையும் வாங்கினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் எழுந்தது. முப்பதுகளில் சென்ட்ரல் ஸ்டுடியோவும், நாற்பதுகளில் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜாவும் வந்தன. ‘சிவகவி’ (1943), ‘ஹரிதாஸ்’ (1944), எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ (1947), ‘மலைக்கள்ளன்’ (1954) எல்லாம் கோவையில் உருவானவை. முசிறி சுப்பிரமணிய ஐயர் நடித்த ‘துக்காராம்’ (1938) படத்தின் பிரதி எதுவும் எஞ்சியதாகத் தெரியவில்லை. அக்காலச் சுருள்கள் நைட்ரேட்டால் ஆனவை. எளிதில் தீப்பற்றும், வைத்த இடத்திலேயே மட்கும். புணேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் தொடங்கப்பட்டதே 1964இல்தான்.

ஆகவே எஞ்சிய படங்களையும் நம்மில் பெரும்பாலோர் திரையில் கண்டதில்லை, விசிடியில் கண்டோம். 1993இல் வகுக்கப்பட்ட தரம் அது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் ஒரு பிரேமுக்கு 352க்கு 288 புள்ளிகள். அதாவது ஒரு லட்சத்துச் சொச்சம். ராஜசபையின் தூண்களும், கூட்டத்தின் பின்வரிசை முகங்களும் அந்தச் சொச்சத்துக்குள் அடங்கியாக வேண்டும். அடங்காதவை சதுரம் சதுரமாகக் கலங்கின.

படம் கலங்குவது கண்ணுக்குத் தெரியும். காதுக்கு நேர்ந்ததைப் பலர் கவனிப்பதில்லை. பேசும்படம் வினாடிக்கு 24 பிரேம்; நம் தொலைக்காட்சி 25. மாற்றுகிறவர்கள் வழக்கமாகக் கையாண்ட சுலப வழி, படத்தைச் சற்றே வேகமாக ஓட்டுவது. இரண்டு மணி நேரப் படம் ஏறக்குறைய ஐந்து நிமிடம் சுருங்கும். கூடவே சுருதியும் ஏறும்; கணக்குப் போட்டால் அரைக்கட்டைக்குச் சற்றே குறைவு. உச்சஸ்தாயிக்குப் பெயர்போன பாகவதரை அதற்கும் மேலே ஏற்றிவிட்டு, ‘இப்படியும் ஒரு சாரீரமா’ என்று வியப்பவர்கள் உண்டு. அந்த வியப்பில் ஒரு பங்கு பொறியாளரைச் சேர வேண்டும். தகட்டைக் கேட்டுச் சுருதியையும் காலப்பிரமாணத்தையும் எழுதும் இசை ஆய்வாளர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

அடுத்த இடப்பெயர்வு கணினிக்குள். விசிடியில் ‘எம்பெக்ஏவி’ என்ற உறைக்குள் டிஏடி என்று முடியும் கோப்பு இருக்கும். அதன் உள்ளே இருப்பது எம்பெக்-1 படமேதான். பெயர் புரியாமல் மறுத்த மென்பொருள்கள், கடைசி மூன்றெழுத்தை எம்பிஜி என்று மாற்றியதும் பெரும்பாலும் ஒத்துழைத்தன. ஏவிஐ விஷயத்தில் குழப்பம் நேர்மாறு. சாக்கின் மேலுள்ள எழுத்தைக் கொண்டு உள்ளே தேங்காயா கொப்பரையா என்று எந்தப் பொள்ளாச்சி வியாபாரியும் முடிவுகட்ட மாட்டார். ஏவிஐ சாக்கின் பெயர். உள்ளே டிவ்எக்ஸ் இருக்கலாம், எக்ஸ்விட் இருக்கலாம். அதை அவிழ்க்கும் கோடெக் கணினியில் இல்லையென்றால் ஒலி மட்டும் கேட்கும், திரை இருண்டிருக்கும். பாரிஸ் மாணவர்கள் 1996இல் தொடங்கி 2001இல் திறமூலமாக்கிய விஎல்சியும், 2000இல் ஃபேப்ரிஸ் பெல்லார்டு தொடங்கிய எஃப்எஃப்எம்பெக்கும் கோடெக்குகளைத் தம்மோடே சுமந்து வந்து அந்தத் தேடலை முடித்துவைத்தன.

ஆனால் அவை வருமுன் எத்தனையோ பேர் கண்ட கருவியிலெல்லாம் கோப்பை மாற்றி, இடம் போதவில்லை என்று மூலத்தை அழித்திருந்தார்கள். ஒவ்வொரு மாற்றமும் முன்னதன் கலங்கலை நிஜமென்று நம்பி, அதன்மேல் புதுக் கலங்கலைச் சேர்க்கும். திரும்ப டிவிடி அளவுக்குப் பெருக்கினாலும் போனது போனதுதான்.

ஒலி விலகலைக் கொஞ்சம் கவனித்தால் நடந்ததை ஊகிக்கலாம். தொடக்கம் முதல் ஒரே அளவு விலகியிருந்தால், ஓட்டும் மென்பொருளிலேயே ஒலியை முன்பின் நகர்த்திக்கொள்ளலாம். கோப்பைத் தொட வேண்டாம். சீராக, போகப்போக விலகினால் பிரேம் கணக்கு எங்கோ பிசகியிருக்கிறது. ஓரிடத்தில் திடீரென்று தாவினால், கீறல் விழுந்த பகுதியில் படம் விடுபட்டு ஒலி தொடர்ந்திருக்கலாம். விசிடியில் இது எளிதில் நேரும். அதிகம் கொள்ள வேண்டும் என்பதற்காகப் பிழைதிருத்தத்துக்கான இடத்தைக் குறைத்துப் பதிந்த தகடு அது. முகங்கள் அகன்று தெரிந்தால் கோப்பில் குற்றமில்லாமலும் இருக்கலாம். நாலுக்கு மூன்று என்ற படத்தை அகலத் திரைக்கு இழுத்திருப்பார்கள்.

பின்னாளில் கேமராவே பொள்ளாச்சிக்கு வந்தது. ‘தேவர் மகன்’ (1992) இந்த வட்டாரத்தில்தான் படமாயிற்று. அதே ஆண்டுகளில் திருமண மண்டபங்களுக்குள்ளும் வீடியோ கேமரா நுழைந்தது. மங்கல வாழ்த்து, இணைச்சீர், இன்று இல்லாத பெரியவர்கள் பேசிய கொங்குப் பேச்சு எல்லாம் அந்த நாடாக்களில் இருக்கின்றன, பின்னர் விசிடியாயின. நாடாவிலிருந்து நேரே முழு அளவில் கணினிக்கு மாற்றிய கோப்பை ஓட்டினால் அசையும் கைகளின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரியும். வினாடிக்கு ஐம்பது அரைப்படங்களாகப் பதிந்த நாடாவின் அடையாளம் அது. பார்க்கும்போது மென்பொருளில் நீக்கிக்கொள்ளலாம்; கோப்பிலேயே அழித்தால் மீட்க முடியாது.

சினிமாத் தகடு தொழிற்சாலையில் அச்சானது. பொள்ளாச்சித் தகட்டில் படியாத பகுதி கோபிச்செட்டிபாளையத்துத் தகட்டில் படியக்கூடும். இரண்டையும் சேர்த்து முழுமையாக்கலாம். திருமணத் தகடோ சாயப்படலத்தில் எரித்தது; வெயிலிலும் ஆண்டுகளிலும் வெளுக்கும். ஊருக்கு ஒன்றிரண்டு பிரதிகளே இருக்கும். பீரோவைத் திறந்தால் முதலில் படியெடுக்க வேண்டியது அதைத்தான், அந்த டிஏடி கோப்பை மாற்றாமல், உள்ளபடியே.