உரக்கிடங்கும் 660 அடியும்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1990 ஜூலை 1 முதல் தோட்டக் கழிவைக் குப்பைப் புதைகுழியில் கொட்டக் கூடாது. வெட்டிய புல், உதிர்ந்த சருகு, கழித்த கிளை எல்லாம் இந்தத் தடைக்குள் வரும். முன்பு இலையுதிர் காலத்தில் சருகைக் கூட்டி வீட்டோரத்திலேயே கொளுத்திவிடுவார்கள். காற்று மாசுச் சட்டங்கள் வந்து அந்தப் புகையை அடக்கியதும் சருகு மூட்டையாகிக் குப்பை வண்டி ஏறியது. 1980களில் அந்நாட்டு நகரக் குப்பையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தோட்டக் கழிவுதான். புதைகுழிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. 1987இல் நியூயார்க் மாநிலத்தின் ஐஸ்லிப் குப்பையை ஏற்றிய மோப்ரோ என்னும் தோணியை எந்தத் துறையும் ஏற்காமல் திருப்பி அனுப்பியது நாடெங்கும் பேச்சானது. மறு ஆண்டே நியூஜெர்சி புதைகுழிகளில் சருகுக்குத் தடை போட்டது.

தடை போடுவது எளிது. சருகை எங்கே மட்கவைப்பது என்பதுதான் சிக்கல். குடியிருப்பு, வணிகம், தொழில் என்று ஊர் நிலத்தை வகுக்கும் அதிகாரத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926இல், ஓஹையோவின் யூக்ளிட் ஊர் வழக்கில் உறுதிசெய்திருந்தது. உரக்கிடங்கு இந்த வகுப்புகளில் எதிலும் சரியாகப் பொருந்தவில்லை. உரம் செய்வதால் அது வேளாண்மை போலிருந்தது. லாரி லாரியாக ஊர்க் கழிவு வந்து இறங்குவதால் குப்பைத் தொழில் போலவும் இருந்தது.

அண்டை வீட்டாருக்கு இந்த விவாதம் தேவைப்படவில்லை, மூக்கே சொல்லிவிட்டது. காய்ந்த சருகு மெல்ல மட்கும், அதிகம் நாறாது. கோடையில் வரும் பச்சைப் புல் அப்படியல்ல. அதில் தழைச்சத்தும் ஈரமும் மிகுதி. பிளாஸ்டிக் பையில் இரண்டு நாள் அடைபட்டாலே காற்றின்றி அழுகி அம்மோனியா வீசும்.

அதனால் இல்லினாய்ச் சட்டம் அடிக்கணக்கில் இறங்கியது. குடிநீர்க் கிணற்றிலிருந்தும் வீட்டிலிருந்தும் 200 அடி, நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேல் 5 அடி. தடை வந்து ஒன்றரை ஆண்டு முடிவதற்குள் வீட்டுக்கான தூரம் போதாது என்றாகிவிட்டது. 1991 நவம்பர் 17க்குப் பின் அமையும், அல்லது விரியும், கிடங்கு அருகிலுள்ள வீட்டுக்கு எட்டில் ஒரு மைல், அதாவது 660 அடி, தள்ளியிருக்க வேண்டும். கிடங்கு வளாகத்துக்குள்ளேயே உள்ள வீட்டுக்கு மட்டும் விலக்கு. தன் நாற்றம் தனக்கு என்று விட்டுவிட்டார்கள் போலும்.

விவசாயிக்கு வேறு கணக்கு. உரத்தைத் தன் நிலத்திலேயே இடுபவர், பண்ணைப் பரப்பில் 2 விழுக்காட்டுக்கு மிகாமல் கிடங்கு வைத்தால் மாநில அனுமதி வேண்டியதில்லை. அதற்கு ஈடாகத் தூரம் இரட்டிப்பாகிறது: கால் மைல். அந்தத் தூரத்தைக் குறைக்க வேண்டுமானால், கிடங்கு அமைந்துள்ள நகராட்சியே அதைத் தன் விதியாக நிறைவேற்ற வேண்டும்.